உதகையின் உறைபனிக் காலத்தில் நாய்களைப் பேணுதல்

குளிர்காலத்தில் நாய்களைப் பேணுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, முழங்கால் அளவுக்குப் பனி பொழியும் மேலைநாட்டு நகரங்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே பனியை உருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு நாயின் உள்ளங்காலை அரிக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஆகவே காலுறை, மெழுகு, நடந்து வந்ததும் பாதம் கழுவுதல் என்று அவர்களுடைய அறிவுரை பாதத்திலிருந்தே தொடங்குகிறது. நீலகிரியில் அப்படிப் பனி பொழிவதில்லை, சாலையில் உப்பும் போடுவதில்லை. இங்கே தெளிந்த இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படர்கிறது. வீடுகளும் குளிர்நாட்டு வீடுகளைப் போல வெப்பமூட்டப்பட்டவை அல்ல என்பதால், வெளியே இருக்கும் குளிரில் பாதிக்கு மேல் உள்ளேயும் வந்துவிடுகிறது. இந்த நிலையில் நாயை வருத்துபவை ஈரமும் தரையும் இரவும்தான். வெப்பமானி காட்டும் எண்ணை அவற்றுக்கு அடுத்தபடியாக வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த உடலோடு, தரையைவிட்டு உயர்ந்த இடத்தில், காற்றுப் படாமல் சுருண்டிருக்கும் நல்ல உடற்கட்டுள்ள நாட்டு நாய் உறைபனி இரவையும் கடந்துவிடும். மழையில் நனைந்து சிமெண்டுத் தரையில் படுத்திருக்கும் அதே நாய், அதைவிடப் பல டிகிரி இதமான இரவிலேயே நடுங்கத் தொடங்கிவிடும்.

மலையின் குளிர் ஒரே சீராக வருவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் இருக்கும். இடையே வானம் தெளியும் இரவுகளில் நீர்ப்பனி இறங்கும். மழை விலகிய பிறகு மார்கழியிலும் தையிலும் உறைபனி வலுக்கிறது. சில ஆண்டுகளில் மாசி வரையிலும் நீடிக்கிறது. மேகம் மூடிய இரவைவிட நட்சத்திரம் தெரியும் இரவே கடுமையானது என்பது மலையில் வாழ்வோர் அனைவருக்கும் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், அது சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலேயே குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த, திறந்த இடங்களில் புல் வெளுத்து உறைந்திருக்கும்போது, மேலே சரிவில் மரங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் ஈரம் மட்டுமே இருக்கக் காணலாம். கொடைக்கானலிலும் ஏரியை ஒட்டிய தாழ்வான புல்வெளிகளுக்கும் மேட்டு வீடுகளுக்கும் இதே வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் உறைபனி குறைவு, ஆனால் வடகிழக்கு மழை அங்கே மிகுதி. அங்குள்ளவர்கள் குளிரைவிட ஈரத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். தெளிந்த ஓர் இரவுக்குப் பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் உங்கள் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எந்த மூலையில் புல் வெளுத்திருக்கிறதோ அந்த மூலையில் நாய்க்கு இடம் அமைக்கக் கூடாது; கூரை விளிம்பின் கீழோ மரத்தடியிலோ பனி படியாத பகுதி எதுவோ, அதுவே ஏற்ற இடம்.

எல்லா நாய்களுக்கும் ஒரே அளவுப் பராமரிப்பு தேவைப்படுவதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்கள் தென்மாவட்டங்களின் வெயிலில் உருவானவை. குட்டையான மயிர், மெல்லிய தோல், ஒட்டிய வயிறு, கொழுப்பு மிகக் குறைந்த உடல் என்று அவற்றின் அமைப்பு முழுவதும் வெப்பத்தை வெளியே விடுவதற்காகவே இருக்கிறது. இவற்றை மலைக்குக் கொண்டுவந்து வளர்ப்பவர்கள், இரவில் வீட்டுக்குள் படுக்க வைப்பதற்கு மனமில்லையென்றால் வளர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஸ்பிட்ஸ் போன்றவற்றுக்கு மேல்மயிரின் அடியில் மென்மையான இன்னொரு மயிரடுக்கு உண்டு. அது உலர்ந்திருக்கும்வரை நல்ல காப்பு. பக், டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களின் வயிறு புல்லில் உராய்ந்தே செல்வதால், ஐந்து நிமிட நடையிலேயே அவை அடிவயிறு முழுவதும் நனைந்து திரும்பும். கோவையிலும் சென்னையிலும் குளிரூட்டிய அறைக்குள் காலம் தள்ளும் சைபீரியன் ஹஸ்கி உதகைக்கு வந்ததும் வெளியே போய்ப் படுத்துக்கொள்ள விரும்பும். சிறுத்தையை முன்னிட்டு அதை உள்ளே அழைக்கலாமே தவிர, குளிரை முன்னிட்டு அழைக்க வேண்டியதில்லை. இனம் எதுவானாலும் குட்டிகள், முதிய நாய்கள், மெலிந்தவை, அண்மையில் நோயிலிருந்து எழுந்தவை ஆகியவற்றை முதல் வரிசையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

படுக்கும் இடம்

இந்தக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், நாயின் படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். சிமெண்டு, சிவப்புக் காவித் தரை, ஓடு, கல் ஆகிய அனைத்தும் உடலின் வெப்பத்தை இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியில் இழப்பது நிற்காது. பழைய பங்களாக்களில் பலகைத் தளம் இருந்தால் கவலை குறைவு. மற்ற வீடுகளில் காய்கறிப் பெட்டிகளைப் பிரித்த பலகையை நான்கு செங்கல்லின் மேல் வைத்தால் போதும்; தரைக்கும் பலகைக்கும் இடையே விரல் நீளத்துக்கு இடைவெளி இருந்தால், அங்குள்ள காற்றே காப்பாக வேலை செய்யும். அதன்மேல் மடித்த சாக்கு, அதற்கு மேல் பழைய கம்பளி. கயிற்றுக் கட்டிலும் உதவும், ஆனால் அடியில் காற்று ஓடாதபடி பக்கங்களில் சாக்கைத் தொங்கவிட வேண்டும், மேலேயும் தடித்த விரிப்பு வேண்டும்.

நாய் வெளிக்கூண்டில்தான் படுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்தக் கூண்டு பெரிதாக இருப்பது பெருமை ஆகாது. நாய் நின்று, திரும்பி, சுருண்டு படுக்கும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்குவது அதன் உடல் ஒன்றுதான், அறை பெரிதானால் அந்த வெப்பம் எட்டாது. வாசல் குறுகலாகவும் ஒரு பக்கமாக ஒதுங்கியும் இருக்க வேண்டும். குளிர்காலக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவதால், வாசலைத் தெற்கு நோக்கி வைத்து, கனமான சாக்குத் திரையைத் தொங்கவிடலாம். கூரைக்கு வெறும் தகரம் ஏற்றதல்ல. தகரம் இரவில் மிக விரைவாகக் குளிர்வதால், நாயின் மூச்சிலுள்ள ஈரம் அதன் அடிப்பக்கத்தில் நீராகத் திரண்டு சொட்டும். காலையில் நாய் மழையே இல்லாமல் நனைந்திருக்கும். தகரத்துக்குக் கீழே ஒரு பலகையடுக்கு கொடுத்து, சுவரின் மேற்பகுதியில் கையளவு காற்றுவழி விட்டால் இந்தச் சிக்கல் தீரும். தெர்மாகோல் வைத்தால் அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே முழுவதும் மறைத்துவிடுங்கள். வெளியே தெரிந்தால் நாய் கடித்து விழுங்கிவிடும்.

வெளிக்கூண்டுக்குள் கம்பளி விரிப்பதைவிட வைக்கோல் இடுவது நல்லது. கம்பளியும் துணியும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கின்றன, நம் மலையின் மூடுபனி நாட்களில் காயவும் மறுக்கின்றன. நெல் வைக்கோலின் தாளுக்குள் வெற்றிடம் இருப்பதால் அதில் காற்று தங்கும். நாய் அதற்குள் குழி பறித்துப் புதைந்து படுத்துக்கொள்ளும். கூடலூரிலிருந்தோ மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்தோ வரும் வைக்கோலில் பூஞ்சை நாற்றம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, முழங்கை ஆழத்துக்கு நிரப்பி, ஈரம் தட்டியதும் மாற்ற வேண்டும். வைக்கோல் கிடைக்கவில்லை என்பதற்காக முற்றத்தில் கூட்டிய யூகலிப்டஸ் இலைகளை அள்ளிப் போடாதீர்கள். அந்த இலையின் எண்ணெய் நாய்களுக்கு ஆகாது.

கூண்டைப் பற்றிப் பேசும்போது சிறுத்தையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உதகை, குன்னூர், கோத்தகிரிக் குடியிருப்புகளில் இரவில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிச் செல்வது நமக்குப் புதிய செய்தி இல்லை; வீட்டு வாசல்களில் உள்ள கண்காணிப்புக் கேமராக்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. குளிர்காலத்தில் இரவு நீளம், மூடுபனியும் உண்டு, மக்கள் விரைவில் கதவடைத்துக்கொள்கிறார்கள். வேட்டைக்கு வேறென்ன வசதி வேண்டும்? ஆகவே வெளிக்கூண்டு என்றால் அதற்கு இரும்புக் கம்பிக் கதவும், உறுதியான தாழ்ப்பாளும், பிடுங்க முடியாத கூரையும் இருந்தே ஆக வேண்டும். சங்கிலியில் கட்டிப்போடுவது எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு; அப்படிக் கட்டப்பட்ட நாயால் ஓடவும் முடியாது, காற்றுப் படாத மூலைக்கு நகரவும் முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பாட்டுத் தட்டையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. மிச்ச உணவின் வாசனைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும், அவற்றோடு மோதப் போவது உங்கள் நாய்தான். இத்தனையும் செய்வதற்கு ஆகும் செலவையும் உழைப்பையும் கணக்கிட்டால், சமையலறை ஓரத்திலோ நடையிலோ ஒரு பலகையைப் போட்டு நாயை உள்ளே படுக்க வைப்பது எளிது என்பது விளங்கும்.

நெருப்பும் புகையும்

இதைப் படிக்கும்போது நாயோடு நீங்களும் நினைவில் இருக்க வேண்டும். மலையில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு, சன்னல்களை இறுக மூடி உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் குளிர்காலந்தோறும் எங்கேனும் வருகின்றன. கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. புகை வராத கனிந்த கரி பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். புகை அடங்கிய பிறகும் இந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். சிறிய உடலும் விரைவான மூச்சும் உள்ள நாய்க்குட்டியை அது நமக்கு முன்பே தாக்கக்கூடும். நாய்க்கூண்டுக்குள்ளோ, நாய் படுக்கும் மூடிய அறைக்குள்ளோ கரியடுப்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் கரியை மூட்டிக் குளிர் காய்ந்துவிட்டு, உறங்கப் போகுமுன் அடுப்பை வெளியே எடுத்துவிட வேண்டும்.

புகைபோக்கி வைத்த கணப்பு உள்ள வீடுகளில், அதன்முன் கம்பித் தடுப்பு அவசியம். முதிய நாய்கள் சூடு உறைப்பதை உணராமல் நெருப்புக்கு மிக அருகில் படுத்து, மயிர் கருகும்வரை நகராமல் இருப்பதுண்டு. மின்சார ஹீட்டர்களில், கம்பி சிவந்து எரியும் வகையைவிட எண்ணெய் நிரப்பிய வகை நாய் உள்ள வீட்டுக்கு ஏற்றது. மின்கம்பியைக் கடிக்கும் வயதிலுள்ள குட்டி இருந்தால் இரண்டும் வேண்டாம். வெந்நீர்ப் பையைத் தடித்த துணியில் சுற்றிப் படுக்கையின் ஒரு பக்கத்தில் வைத்தால், சூடு வேண்டும்போது ஒட்டிப் படுக்கவும் போதும் என்றால் விலகவும் குட்டிக்கு முடியும்.

நடையும் ஈரமும்

சமவெளியில் நாயை விடியற்காலையில் நடத்திச் செல்வது நல்ல பழக்கம். உறைபனிக் காலத்தில் மலைக்கு அது பொருந்தாது. ஜனவரியில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகே எழுகிறது. வெயில் புல்லின்மேல் விழுந்து பனி உருகி, உருகிய நீரும் ஓரளவு வற்ற ஒன்பது மணி ஆகிவிடும். ஒன்பது மணிக்கு மேல் ஒரு நடையும், மாலை நான்கு மணி அளவில் இன்னொரு நடையும் என்று வைத்துக்கொண்டால் சிறுத்தையின் நேரத்தையும் தவிர்த்துவிடலாம். அலுவலகம் செல்பவர்கள் காலையில் சிறுநீர் கழிக்க மட்டும் ஐந்து நிமிடம் தார்ச்சாலையிலேயே அழைத்துச் சென்று, நீண்ட நடையை விடுமுறை நாட்களின் முற்பகலுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

வீடு திரும்பியதும் துடைப்பதில்தான் பலர் சலித்துக்கொள்கிறார்கள். முதுகைத் துடைப்பது அவ்வளவு முக்கியமில்லை. அடிவயிறு, அக்குள், தொடை இடுக்கு, விரல்களின் நடுப்பகுதி ஆகிய நான்கையும் முரட்டுத் துண்டால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் அங்கே சிவந்து புண்ணாகி, நாய் இரவெல்லாம் நக்கிக்கொண்டே இருக்கும். உள்ளங்கால் வெடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும் என்பதால், இங்கே மார்கழியில் கரண்டியால் சுரண்டிக் கையில் தேய்த்து உருக்கித்தான் தடவ வேண்டியிருக்கும். கடைகளில் விற்கும் நாய்க் காலுறைகளுக்கு நீலகிரியில் வேலை இல்லை. சரிவான பாதையில் அவை வழுக்கவும் செய்யும்.

சட்டை போடுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை வலியுறுத்த வேண்டும்: நனைந்த சட்டை, சட்டையே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். குட்டைமயிர் நாய்களுக்கும் முதிய நாய்களுக்கும் மார்பையும் வயிற்றையும் மூடும் கம்பளிச் சட்டை பயன்படும். நாய்க்கென்று தைத்ததை வாங்க வேண்டிய அவசியமில்லை. உதகையில் திபெத்தியர் கடைகளில் கிடைக்கும் குழந்தைகளின் சுவெட்டரில் கைப்பகுதியைக் குறைத்தால் நடுத்தர நாய்க்குச் சரியாக இருக்கும். பெரியவர்களின் சுவெட்டர்க் கை ஒன்றை வெட்டி இரண்டு துளையிட்டால் குட்டிக்கு ஆகும். நாள்தோறும் ஒருமுறை கழற்றி மயிரைச் சீவி, அக்குளில் உராய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். மழைக்காக நெகிழிப் பையைக் கிழித்து நாய்க்குப் போர்த்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்தப் பைகளுக்கு மாவட்டத்தில் தடை இருப்பது ஒருபுறம். உள்ளே ஈரம் தேங்குவதால் அது குளிரைக் கூட்டவே செய்கிறது.

குளிப்பாட்டுவதை இக்காலத்தில் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கட்டாயம் என்றால் வெயிலுள்ள நாளில், பதினொரு மணிக்கு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, மூன்று மணிக்குள் அடிமயிர்வரை காய்ந்துவிட்டதை விரலால் சோதித்துக்கொள்ள வேண்டும். மயிரை மழிப்பது அறவே கூடாது. வெயில் என்றதும் இன்னொன்று: இரவில் உறையும் இதே ஊரில் பகல் வெயில் கடுமையாக உறைக்கும், உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிரின் வலிமையும் கூடுகிறது. வெள்ளை மயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய ராஜபாளையம் நாய்கள் நாள் முழுவதும் வெயில் காய்ந்தால் மூக்கும் காது மடலும் கன்றிப்போகும்; உச்சிவேளையில் அவற்றுக்கு நிழல் இருக்கட்டும்.

உணவும், வாய்க்கு எட்டக் கூடாதவையும்

குளிர்காலம் என்றதும் உணவை இரட்டிப்பாக்குவது தேவையற்றது. வீட்டுக்குள் படுத்து உறங்கும் நாய்க்கு வழக்கமான அளவே போதும். நடை குறைந்திருந்தால் அதையும் சற்றுக் குறைக்கலாம். வெளியே படுக்கும் நாய்க்கும் காவல் நாய்க்கும் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதை இரவு உணவில் கொழுப்போடு கூடிய இறைச்சி, முட்டை ஆகியவற்றின் மூலம் கொடுத்தால், செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவுக்கு உதவும். விலா எலும்பு கையில் தட்டுப்படுகிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பார்ப்பதே நல்ல அளவுகோல். சோறோ ராகிக் களியோ இறைச்சி வேகவைத்த நீரில் கரைத்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம், கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட்டை வேகவைத்துச் சேர்க்கலாம். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் சேரக் கூடாது. பச்சையோடிய உருளைக்கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் கழித்துவிட வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் நாய்கள் குறைவாகக் குடிக்கும். உலோகப் பாத்திரத்துக்குப் பதிலாக மண் சட்டியில், காலையும் மாலையும் வெந்நீர் கலந்து வைத்தால் குடிக்கும் அளவு கூடும்.

மார்கழி கிறிஸ்துமஸ் காலமும் சுற்றுலாக் காலமுமாக இருப்பதால், ஆபத்து இனிப்பு வடிவிலும் வருகிறது. உதகையின் பெயரோடு ஒட்டிய வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 40 முதல் 50 கிராம் கறுப்புச் சாக்லேட்டே வாந்தியையும் படபடப்பையும் உண்டாக்கப் போதும். அதற்கு மேல் போனால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். பிளம் கேக்கில் ஊறிய உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்; எந்த அளவு கெடுக்கும் என்பது நாய்க்கு நாய் மாறுவதால், ஒரு துண்டு தின்றாலும் மருத்துவரை அழைப்பதே முறை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டத்தில் நஞ்சு எதுவும் இல்லைதான், ஆனால் அதிலுள்ள கொழுப்பு கணையத்துக்கு ஆகாது. தேநீர்க் கடை வாசலில் ஆளுக்கொரு துண்டு போட்டால் அந்தத் தெரு நாய் எத்தனை தின்னும் என்று எண்ணிப் பாருங்கள்.

நமக்குச் சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்கிறோம். மூட்டு வலித்தால் இங்கேயே வடிக்கும் விண்டர்கிரீன் தைலம். இரண்டையும் நாயின் உடலில் தடவக் கூடாது. நாய் தடவிய இடத்தை நக்காமல் இருக்காது. முன்னது நரம்புகளைத் தாக்கும், பின்னதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. மூட்டு விறைத்துக் காலையில் எழச் சிரமப்படும் முதிய நாய்க்கு, மனிதர்களுக்கான பாராசிட்டமாலோ இப்யூபுரூஃபெனோ கொடுப்பதும் அப்படியே ஆபத்து. தடித்த மெத்தையும், நடப்பதற்கு முன் மூட்டுகளில் வெந்நீர் ஒத்தடமும், படியேறத் துணையும் கொடுத்துவிட்டு, வலிமருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும். வாகனங்களின் இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் நாய்கள் அதை விரும்பி நக்கும். முதலில் குடித்ததுபோலத் தள்ளாடி, பிறகு தெளிந்ததுபோல் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும். வண்டி நிற்கும் இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ நீர் தேங்கியிருந்தால் உடனே கழுவிவிடுங்கள்.

உடல் விறைத்துப் போனால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 37-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். 32-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு டிஜிட்டல் வெப்பமானியை நாய்க்கென்று தனியாக வைத்துக்கொண்டு, முனையில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில் பொருளில்லை. நடுக்கம், வாலை இடுக்குதல், பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குதல், மூலையில் ஒண்டுதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்த நாய், சூடான இடத்துக்கு வராமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிம்மதி அடையக் கூடாது. உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் வலிமையை இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஈறு வெளுத்து, அழைத்தால் மெதுவாகத் திரும்பிப் பார்க்கும் நிலையில் நேரத்தை வீணாக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

வழியிலும் வீட்டிலும் செய்யக்கூடியது இதுதான்: ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த கம்பளியில் சுற்றி, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பைகளைத் துணியில் பொதிந்து மார்புக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். கால்களைத் தேய்ப்பதும், நெருப்பின் அருகே கிடத்துவதும், சூடான நீரில் இறக்குவதும் கூடா. தோலின் இரத்தக் குழாய்கள் திடீரென விரிந்தால் குளிர்ந்த இரத்தம் இதயத்தை நோக்கித் திரும்பும், தோலும் வெந்துபோகும். குளிருக்கு நல்லது என்று ஒரு மூடி பிராந்தி ஊற்றும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். மது உடலைச் சூடேற்றுவதுபோலத் தோன்றச் செய்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடுகிறது.

பிறந்த குட்டிகளுக்கு இன்னும் கூடுதலான கவனம் தேவை. முதல் வாரத்தில் அவற்றால் நடுங்கக்கூட முடியாது, நான்கு வாரம் ஆகும்வரை தம் உடல் வெப்பத்தைத் தாமே சரியாகக் காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் படுக்கைப் பக்கம் 30 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சில்லிட்டுக் கிடக்கும் குட்டியைக் கண்டதும் பாலைப் புகட்ட நினைப்பது இயல்பு, ஆனால் குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது, பால் செரிக்காமல் நுரையீரலுக்குள்ளும் போகலாம். முதலில் நம் மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றி, குட்டி அசைந்து வாயைத் தேடத் தொடங்கிய பிறகே பால். தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிக் கருவுற்று இந்த மாதங்களிலேயே ஈனுவதால், மலை நகரங்களில் இந்தச் சூழ்நிலை அடிக்கடி நேர்கிறது. கடை மூடிய பிறகு, திண்ணையில் கவிழ்த்த பெட்டி ஒன்றும் அதில் ஒரு பிடி வைக்கோலும் விட்டுப் போவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. குட்டிகள் இன்ஜின் சூட்டுக்காக வண்டியின் அடியிலும் சக்கரத்தின் மேலும் ஏறிப் படுத்திருக்கும்; காலையில் வண்டியை எடுக்குமுன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள்.

குளிருக்கு ஒண்ட வந்து வீட்டோடு சேர்ந்துவிடும் தெரு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை முதலில் போட்டுவிட வேண்டும். 1907 முதல் குன்னூரில் இயங்கும் பாஸ்டர் நிறுவனம் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பெயர்பெற்றது. அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு ஊசி போடாத நாயை வளர்ப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகளைத் தொடங்கி, பதினாறு வாரம்வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். குளிரில் நாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுப்பதால் இந்நோய்கள் பரவ வழி ஏற்படுகிறது. டிஸ்டெம்பர் காட்டிலுள்ள செந்நாய்க்கும் தொற்றும் என்பதால், தடுப்பூசி போட்ட நாய் காட்டுக்கும் பாதுகாப்பு.

சமவெளியிலிருந்து நாயோடு விடுமுறைக்கு வருவோர், கோவையின் 30 டிகிரியிலிருந்து மூன்று மணி நேரத்தில் உறைபனிக்கு வந்து சேர்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மயிர் அடர்த்தியாக வாரக்கணக்கில் நேரம் வேண்டும், இரண்டு நாள் விடுமுறையில் அது நடக்காது. வெறும் வயிற்றோடு மலையேறி, வளைவுகளுக்கு இடையே ஓரிடத்தில் நிறுத்தி இளைப்பாற விட்டு, வீட்டில் பழகிய படுக்கையையே உடன் கொண்டுவாருங்கள். விடுதியில் அனுமதி இல்லையென்று நாயை இரவு காருக்குள் விட்டுப் போவது கூடாது. தகரக் கூரையைப் பற்றிச் சொன்னது அப்படியே காருக்கும் பொருந்தும்.

மாசி பிற்பகுதியில் இரவுகள் இளகத் தொடங்கியதும் சட்டையை முதலில் பகலில் கழற்றி, ஒரு வாரம் கழித்து இரவிலும் நிறுத்தலாம். அப்போது அடிமயிர் கொத்துக் கொத்தாக உதிரும்; நாள்தோறும் சீவினால் தோல் மூச்சுவிடும். கூண்டிலிருந்த வைக்கோலை அடுத்த ஆண்டுக்கென்று சேர்த்து வைக்காமல் உரக்குழியில் கொட்டிவிட்டு, பலகைகளை வெந்நீரில் கழுவி வெயிலில் இரண்டு நாள் காயவிட வேண்டும். குளிரில் பலகை இடுக்குகளில் அடங்கியிருந்த உண்ணிகள் பங்குனி வெயிலுக்கு வெளியே வரும். உண்ணி மருந்தை அதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.